மூன்றாண்டுக் கெடு எல்லா ஆய்வுக்கும் பொருந்தாது

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைச் செயல் அலுவலர் அவர்கள்,
அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

நம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் யாருடைய ஆய்வு நடக்கும், யாருடையது நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் இடங்களில் தங்கள் அலுவலகம் முதன்மையானது. தங்கள் அறக்கட்டளைக்காக 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2024 பிப்ரவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஆய்வு மானியம் வழங்கும் பொறுப்பில் இருந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (‘செர்ப்’) தங்கள் அமைப்போடு கலந்துவிட்டது. ஆட்சிக்குழுவுக்குப் பிரதமரே தலைவர். 2023 முதல் 2028 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்பது அறிவிப்பு. இதில் அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை, கொடையாளர்கள் ஆகியோரிடமிருந்து வர வேண்டும். இந்தப் பங்கீட்டைப் பற்றியும், தரும் பணத்துக்கு வைக்கப்படும் காலக் கெடுவைப் பற்றியும் சொல்வதற்குத்தான் இந்த மடல்.

எழுதுவது புனேயில் கோர்படியிலிருந்து. பட்டாளத்தோடும் ரயில்வேயோடும் வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி இது. இங்கிருந்து சோலாப்பூர் சாலையில் கிழக்கே போனால் மாஞ்சரியில் வசந்ததாதா சர்க்கரை நிறுவனம். நகரைக் கடந்து மேற்கே போனால் பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகமும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனமும். வழியில் கணேஷ்கிண்டில் பல்கலைக்கழகமும் சி-டாக் கணினி மையமும். கணினி, கணிதம், தாவரம் மூன்றிலும் இந்த ஊர் செய்திருப்பது சிறிய வேலையல்ல. அந்த மூன்றையும் ஒரே கோலால் அளக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடையும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

சி-டாக்கின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1980-களில் இந்தியா அமெரிக்காவிடம் கிரே மீத்திறன் கணினி கேட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது அதைவிடச் சிறியது. அதுவும் வானிலைக் கணிப்புக்கு மட்டும்தான் என்ற நிபந்தனையோடு. அந்த அவமானத்துக்குப் பதிலாக 1988-இல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் பொறுப்பேற்றார். மூன்றாண்டு, சுமார் 30 கோடி ரூபாய் என்று கணக்கு. சொன்னபடி 1991-இல் பரம் 8000 மீத்திறன் கணினி ஓடியது. பிறகு வந்த பரம் பத்மா 2003-இல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் ஏறியது. 2024 செப்டம்பரில் புனே, தில்லி, கொல்கத்தா ஆகிய மூன்று இடங்களில் பரம் ருத்ரா கணினிகள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அதே சி-டாக்கின் ஜிஸ்ட் குழு இந்திய எழுத்துகளைக் கணினிக்குள் கொண்டுவந்த பணியில் முன்னே நின்றது. இன்று கைபேசியில் தமிழ் எழுத்துகள் யூனிகோடில் அடுக்கப்பட்டிருக்கும் முறைக்கு மூலம் 1988-இன் இஸ்கி குறியீடு.  

பரம் 8000 பெருமைக்குரியது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வெற்றியிலிருந்து தில்லி ஒரு தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டது என்பது என் கருத்து. ‘மூன்றாண்டு கொடு, பணம் கொடு, கெடு வை, முடிந்துவிடும்’ என்ற பாடம். பரம் ஏன் மூன்றாண்டில் முடிந்தது? அடைய வேண்டிய இலக்கு முன்கூட்டியே தெரியும். அப்படி ஒரு இயந்திரம் உலகில் வேறிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உள்ளே இருந்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனத்தில் தயாராகி விற்பனைக்கு வந்துவிட்டன. பல சில்லுகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டு ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும் முறை, கணினியியலாளர் டோனி ஹோர் 1978-இல் வெளியிட்ட ஒரு கோட்பாட்டிலிருந்து பிறந்தது. அதை அவர் எழுதியபோது அந்தச் சில்லுகள் உருவாகியிருக்கவில்லை. கோட்பாடு மொழியாகி, மொழி சில்லாகி, சில்லு புனேக்கு வந்து கணினியாக 13 ஆண்டு பிடித்தது. அதில் கடைசி மூன்றாண்டு மட்டும்தான் நம்முடையது. முந்தைய பத்தாண்டுக்கு வேறொரு நாடு பணம் கட்டியிருந்தது.

கெடு வைத்துச் செய்யத்தக்க வேலை உண்டு. பொறியியலில் பெரும்பாலானவை அப்படித்தான். கணிதத்தில் நிரூபணம் என்பது அப்படியல்ல; பாதை இருக்கிறதா என்பதே தெரியாமல் நடப்பது அது.

ஒரு சிறிய கணக்கைத் தங்கள் முன் வைக்கிறேன். பள்ளியில் படித்த எண் முக்கோணம் நினைவிருக்கும். பாஸ்கல் முக்கோணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பிங்கலரின் யாப்பு நூலுக்கு ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய உரையில் மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் அது இருக்கிறது. அதில் ஏழுக்குரிய வரிசை: 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இரு முனைகளை விட்டுவிட்டால் எல்லா எண்ணும் ஏழால் வகுபடும். ஆறுக்குரிய வரிசை: 1, 6, 15, 20, 15, 6, 1. இங்கே 15 ஆறால் வகுபடாது, 20-ம் வகுபடாது. ஏழு பகா எண், ஆறு அப்படியல்ல. எந்த எண்ணை எடுத்தாலும் இது பொய்க்காது. ஆக, ஒரு எண் பகா எண்தானா என்று அறிய அதற்குரிய வரிசையைப் பார்த்தால் போதும். சிக்கல் ஒன்றுதான்: இருநூறு இலக்க எண்ணுக்கு அந்த வரிசையை எழுதி முடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால் 1990-களின் இறுதியிலிருந்து இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முழு வரிசையையும் எழுத வேண்டாம்; அதை ஒரு பல்லுறுப்புக் கோவையாகக் கொண்டு, குட்டையான இன்னொரு கோவையால் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் போதுமா என்பது கேள்வி. நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு மாணவர்கள் பி.டெக். திட்டவேலையாக அதில் இறங்கினார்கள். 2002 ஆகஸ்டில் ‘போதும்’ என்ற நிரூபணம் வெளியானது. எந்த எண்ணையும் பகா எண்தானா என்று ஊகமில்லாமல், தவறுக்கே இடமில்லாமல், நியாயமான நேரத்தில் சொல்லிவிடும் முறை உலகில் அதுவரை இல்லை. 2006-இல் அதற்குக் கோடல் பரிசு கிடைத்தது.

இனி நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் மென்பொருள்கள் இன்றும் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை. அங்கே மில்லர்–ராபின் சோதனைதான் ஓடுகிறது. அது வேகமானது, தவறும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆகவே ‘உங்கள் ஆய்வால் விளைந்த பொருள் என்ன’ என்று படிவத்தில் கேட்டிருந்தால் அந்த மூவரும் ‘எதுவுமில்லை’ என்றுதான் எழுதியிருக்க முடியும். இந்த நூற்றாண்டில் இந்தியாவில் செய்யப்பட்ட மிகச் சிறந்த கணித வேலைகளில் ஒன்று அந்தக் கேள்வியில் பூஜ்யம் வாங்கியிருக்கும். அகர்வாலுக்கு ஐஐடியில் நிரந்தர வேலை இருந்தது. மாணவர்களுக்கு அரசு நடத்தும் கல்வி இருந்தது. மூன்றாண்டில் வராவிட்டாலும் யாரும் அவர்களை வெளியே அனுப்பப்போவதில்லை என்ற நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்குத்தான் பொதுப்பணம் வேண்டும்.

ராமானுஜனுக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. எதற்குப் பயன்படும் என்று கேட்டுக் கொடுக்கவில்லை. 1916-இல் அவர் ஒரு சார்பைப் பற்றி ஊகம் ஒன்றை எழுதினார். அதைக் கணிதவியலாளர் டெலின் 1974-இல் நிரூபித்தார். அதைக் கொண்டு 1988-இல் லுபோட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சார்நாக் ஆகிய மூவர் குறைந்த இணைப்புகளால் மிக நெருக்கமாகப் பிணைந்த வலையமைப்புகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு ராமானுஜன் வரைபடங்கள் என்றே பெயர். ஊகத்துக்கும் அந்த வலையமைப்புகளுக்கும் இடையே 72 ஆண்டுகள்.

கணிதத்துக்காவது மனிதரின் நேரம்தான் அளவு. தாவர ஆய்வில் காலத்தைத் தீர்மானிப்பது செடி.

முள்மூங்கில் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும், அதுவும் முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து. பூத்து, அரிசி உதிர்த்து, புதரோடு சாகும்.   நல்ல குணமுள்ள இரண்டு மூங்கில்களை இனக்கலப்புச் செய்ய நினைக்கும் ஆய்வாளருக்கு அவை பூக்கும்வரை காத்திருக்க ஒரு பணிக்காலமே போதாது. பாஷாணில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் நட்கவுடா, பராஷராமி, மஸ்கரேனஸ் மூவரும் மூங்கில் நாற்றுகளைக் கண்ணாடிக் குடுவைக்குள், தேங்காய்த் தண்ணீரும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த ஊட்டத்தில் வைத்து மாற்றி மாற்றி வளர்த்தார்கள். விரல் நீளச் செடிகள் சில மாதங்களிலேயே குடுவைக்குள் பூத்தன. விதையும் வைத்தன. 1990-இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானபோது உலகத் தாவரவியலாளர்கள் திகைத்தார்கள்.

அந்த ஒரு கட்டுரையை மட்டும் பார்த்தால் ஒரு சோதனை, ஒரு வெற்றி என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வகத்தில் வி. ஜகந்நாதனும் மஸ்கரேனஸும் உள்ளிட்ட குழு தேக்கு மரத்தைத் திசு வளர்ப்பில் பெருக்கிய முறையை வெளியிட்டது 1980-இல். அடுத்து யூகலிப்டஸ். முதிர்ந்த மரத்தின் மொட்டைக் குடுவையில் உயிரோடு வைத்திருக்கும் கைப்பழக்கம் ஆண்டுக்கணக்கில் அந்தக் குழுவிடம் சேர்ந்தது. எந்த ஊட்டத்தில் திசு கருத்துச் செத்துப்போகும், எந்தப் பருவத்தில் வெட்டிய தண்டில் பூஞ்சை ஏறும் என்பதெல்லாம் கட்டுரையில் வருவதில்லை. அது ஆளோடு இருக்கும் அறிவு. இடையில் மூன்றாண்டுக்கு ஒரு முறை குழுவைக் கலைத்திருந்தால் 1990-இன் மூங்கில் பூத்திருக்காது.

கரும்பு இன்னும் நல்ல சான்று. இந்தச் சோலாப்பூர் சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் கரும்பில் பெரும்பகுதி கோ 86032 ரகம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் பிள்ளை அது. தமிழ்நாட்டு வயல்களிலும் இதுதான் ஆட்சி செய்கிறது. அந்த நிறுவனம் 1912-இல் அங்கே தொடங்கப்பட்டதற்குக் காரணமே கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதுதான். அங்கே பார்பர், வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர்கள் நாட்டுக் கரும்பை விட்டு, உயர்குலக் கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்தார்கள். அதிலிருந்து பிறந்த கோ 205, 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கோ 86032-இன் பெயரில் உள்ள 86, அதற்கு எண் கொடுத்த 1986-ஆம் ஆண்டு. தீபகற்பப் பகுதிக்கு அது வெளியிடப்பட்டதோ 2000-இல். நடுவில் 14 ஆண்டு என்ன செய்தார்கள் என்று கேட்பவர் கரும்பை அறியாதவர். கரணை நட்டு வெட்ட ஓராண்டு. மகாராஷ்டிரத்தின் ஆட்சாலிப் பயிருக்கு ஒன்றரை ஆண்டுவரை. இரண்டு நடவுப் பயிரும் ஒரு மறுதாம்புப் பயிரும் பார்த்தால்தான் ஒரு கட்டச் சோதனை முடியும். அதற்கே மூன்றாண்டு ஆகிவிடும். அதுபோல் கட்டத்துக்கு மேல் கட்டம், பல ஊர் மண்ணில், பல ஊர் தண்ணீரில். செவ்வழுகல் நோய் வருகிறதா, மறுதாம்பு தழைக்கிறதா, சர்க்கரைச் சத்து நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துவிட்டோம் என்று 2025-இல் நாடு மகிழ்ந்தது. அந்த எத்தனாலில் கரும்பின் பங்கு உள்ளவரை, 1986-இல் எண் போட்டு வைத்த ஒரு நாற்றின் பங்கும் அதில் இருக்கிறது.

நெல்லுக்கும் தென்னைக்கும் ஒரே அறுவடைத் தேதி குறிக்கும் விவசாயி எங்கும் இல்லை. ஆய்வுப் பணத்தில் மட்டும் நாம் அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்போது பணத்தின் பக்கம் வருகிறேன். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் சிறப்பு நிதியும் தங்கள் அமைப்பின் பொறுப்பில்தான் வைக்கப்படுகிறது. நல்ல திட்டம். ஆனால் அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்டகாலக் கடன் தருவது. ஆய்வகத்தில் ஓரளவு தேறிவிட்ட தொழில்நுட்பத்துக்குத்தான் பொருந்தும். எண் முக்கோணத்தோடு மல்லுக்கட்டுபவருக்கும் குடுவையில் மூங்கில் வளர்ப்பவருக்கும் அங்கே இடமில்லை. அறக்கட்டளையின் 36,000 கோடியும் வெளியிலிருந்து வர வேண்டியதாக இருக்கும்போது, தொழில் நிறுவனம் எந்த ஆய்வைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பங்குதாரர்களுக்கு அது பதில் சொல்ல வேண்டும். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

தனியார் பணம் பொறுமையற்றது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சென்னையில் ஸ்பிக் உர நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையின் நிழலில் 1989-இல் சி. எஸ். சேஷாத்ரி ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். உர நிறுவனத்துக்கு இயற்கணித வடிவியலால் ஒரு மூட்டை உரம்கூடக் கூடுதலாக விற்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அந்தப் பள்ளிதான் இன்றைய சென்னைக் கணிதக் கழகம். புனேயில் ஸ்ரீராம் அப்யங்கர் 1976-இல் தொடங்கிய பாஸ்கராச்சாரிய பிரதிஷ்டானும் ஒரு கணித மேதையின் பிடிவாதத்தில் எழுந்ததுதான். இப்படிப்பட்ட கொடையாளர்கள் வந்தால் வரவேற்க வேண்டும். ஆனால் அவர்கள் வருவார்கள் என்று நம்பி ஒரு நாடு தன் கணிதத்தை வைத்திருக்கக் கூடாது.

தூய கணிதத்துக்கு ஆகும் செலவுதான் எவ்வளவு? செர்ப் காலத்து மேட்ரிக்ஸ் திட்டத்தில் ஒரு கணித ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், மூன்றாண்டுக்கு. கருவி வேண்டாம், கட்டடம் வேண்டாம். பயணம், புத்தகம், ஒரு விருந்தினர், அவ்வளவுதான். அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் கணிதத்தை அறிந்தவர்கள் என்று மனமாரப் பாராட்டுகிறேன். அதே தொகையைப் பத்தாண்டுக்கு உறுதிசெய்தாலும் ஒருவருக்கு 20 லட்சம்தான். ஒரு நடுத்தர ஆய்வுக் கருவியின் விலைகூட அதைவிட அதிகம்.

‘வரி கட்டுபவனுக்குக் கணக்கு வேண்டாமா’ என்று கேட்கலாம். வேண்டும். வரி கட்டுபவர்களில் நானும் ஒருவன். ஆனால் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப்பார்ப்பது கணக்கல்ல. ஐந்தாம் ஆண்டில் அந்தத் துறை அறிந்த மூன்று பேர் ஆய்வாளரோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, செய்ததையும் தோற்றதையும் கேட்டு, தொடரலாமா வேண்டாமா என்று பெயர் போட்டு எழுதட்டும். அதைப் பொதுவில் வைக்கட்டும். அது கணக்கு.

இன்னொன்று. எங்கள் பகுதியில் வாடகை குறைவு என்று அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பேருந்து மாறி மாறி நகரின் மறுகோடிக்குப் போய் வருகிறவர்கள். இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். தாளில் அது நல்ல தொகை. ஆனால் மாதக்கணக்கில் வராமல் இருந்து, ஒரு நாள் மொத்தமாக வந்தால், இடைப்பட்ட மாதங்களில் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? அப்படிக் காத்திருந்த ஒரு மாணவி, ஊரில் அம்மாவின் வளையலை அடகு வைத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் பணம் கட்டினார். எந்த நிறுவனம், எந்த உதவித்தொகை என்று இங்கே சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் தவறாக இதைச் சுருக்கிவிட எனக்கு விருப்பமில்லை. காத்திருக்கத் தெரிந்த ஆய்வு வேண்டுமென்றால், அதைச் செய்பவர் மாதச் செலவுக்குக் காத்திருக்கக் கூடாது. அவர் பகுதிநேர வேலைக்குப் போன வாரத்தில் குடுவையில் உள்ள செடி செத்துப்போகும்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். அரசு தரும் 14,000 கோடியில் ஒரு பங்கை, தொழில் கூட்டாளி தேவையில்லாத ஆய்வுகளுக்கென்று விதியிலேயே ஒதுக்குங்கள். தூய கணிதம், கணினியியலின் அடிப்படைக் கோட்பாடுகள், நீண்ட வாழ்நாள் கொண்ட தாவரங்கள் பற்றிய ஆய்வு ஆகியவை அதில் பெயர் சொல்லி இடம்பெறட்டும். அவற்றுக்கு மானியக் காலம் பத்தாண்டாக இருக்கட்டும், நடுவில் ஒரே ஒரு மதிப்பீட்டோடு. தாவர ஆய்வில், குழு எந்தச் செடியில் வேலை செய்கிறதோ அதன் ஒரு தலைமுறைக்குக் குறையாமல் காலம் தாருங்கள். தங்கள் மானியத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் மாதத்தின் முதல் வாரத்துக்குள் பணம் சேர வேண்டும்; தாமதமானால் எத்தனை நாள் தாமதம் என்பதை நிறுவனவாரியாகத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள்.

2028-இல் முதல் ஐந்தாண்டு முடிகிறது. அடுத்த ஐந்தாண்டுக்கான விதிகளை எழுத உட்காரும் முன், மாஞ்சரியின் கரும்பு வயலுக்கும் பாஷாணின் திசு வளர்ப்புக் கூடத்துக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஒருமுறை நேரில் வந்து, அங்கே வேலை செய்பவர்களிடம் ‘உங்களுக்கு எத்தனை ஆண்டு வேண்டும்’ என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் எண்ணை விதியில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கோர்படி வாழ் தமிழர் ஒருவர்,
புனே.